தன் கண்ணையே நம்பாத ரெயின்கோட்டு சார்

பெற்ற பிள்ளையை நம்பாதவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டிய புருஷனை நம்பாதவர்கள் எங்கள் ராயபுரம் தெருவிலேயே கணிசமாக இருந்தார்கள். ஆனால் சொந்த முகத்தில் இருக்கும் இரண்டு கண்களை நம்பாமல், அவை ஏதோ ஜாமீனில் வெளியே வந்த திருடர்கள் என்பதுபோல் இருபத்துநாலு மணி நேரமும் கண்காணித்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். எங்கள் ரெயின்கோட்டு சார்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அந்த வரிசையின் நடுவே எங்கள் யார்டு. கப்பலில் வந்த கன்டெய்னர்களை இறக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிற இடம். அதற்கு அவர் மேனேஜர். அந்தக் கன்டெய்னர்களின் காகிதங்களைப் பார்க்கிற வேலைக்கு நான் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த கதையே தனி.

மே மாசம். தார் ரோடு உருகுகிற வெயில். நான் இருப்பதிலேயே நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனால், செக்யூரிட்டி என் கையில் ஒரு மஞ்சள் ரெயின்கோட்டைத் திணித்தார். கூடவே ஒரு முகக்கவசம். அறைக்குள் எட்டிப் பார்த்தேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் தலை வரை மூடிய மஞ்சள் பூதங்களாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வியர்வையில் நனைந்துகொண்டிருந்தார்கள். தப்பும் தவறுமாக அடிக்கப்பட்ட ஒரு காகிதத்தைத் திரையில் கொடுத்திருந்தார்கள். திருத்த வேண்டும். பேசக் கூடாது. ஆமாம் என்றால் மேஜையில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், மழையே இல்லையே?" என்று கேட்டுவிட்டேன்.

அறை நடுவில் இருந்த தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேனேஜரின் குரல் வந்தது. "மழைக்கு இல்லமா. என் கண்ணு பட்டு நீ நனைஞ்சிடக் கூடாதுல்ல, அத்தொட்டுதான். பேசாத. பேசுனா எந்த ஏரியான்னு என் மண்டை கணக்குப் போட்டுடும்."

எனக்கு வேலை கிடைத்தது. என் பூவையும் புடவையையும் அவர் பார்க்கவே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போகப் போகத்தான் அவருடைய தத்துவம் பிடிபட்டது. மனுஷன் மண்டைக்குள் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவர் கட்சி. அவனுக்கு அவர் வைத்திருந்த பெயர் நைனா.

"நாம யோசிக்கவே ஆரம்பிச்சிருக்க மாட்டோம் டாக்குமென்ட்டு. அதுக்கு மின்னாடியே நைனா பதிலைச் சொல்லிட்டு கால் மேல கால் போட்டுகினு குந்திப்பான். 'லுங்கி கட்டிகினு வர்றானா, திருடன். இங்கிலீஷ் பேசறானா, அறிவாளி.' நாம இன்னாடான்னா, நாமதான் யோசிச்சோம்னு நெனச்சிகினு கீறோம்!"

டாக்குமென்ட்டு என்பது நான்தான். ஆளைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார். பெயரைக் கேட்டால் மதம், ஊர், ஜாதி எல்லாவற்றையும் நைனா மோப்பம் பிடித்துவிடுவானாம். அதனால் எல்லாரும் வேலையின் பெயரால்தான். கேட்டு, கணக்கு, டீ, கிரேனு. அவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. சம்பளம் போடும் அக்கவுன்டன்ட்டுக்குத் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறக்க மாட்டார். அதற்குக் காரணம் ஒரு வஞ்சிரம்.

கேட் செக்யூரிட்டியின் மனைவி காசிமேட்டில் மீன் வாங்கி, மிளகாய்த்தூள் தடவி வறுத்துக் கொடுத்தனுப்புவார். டப்பாவைத் திறந்தால் வாசனை எடைமேடை வரைக்கும் வரும். ஒருநாள் மத்தியானம் டப்பாவில் சோறு இருக்கிறது, மீன் துண்டைக் காணோம். அவ்வளவுதான், யார்டே பற்றிக்கொண்டது. புதிதாக வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள்தான் எடுத்திருப்பார்கள் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. அதிலும் நம் அக்கவுன்டன்ட், சுத்த சைவம், நெற்றி நிறைய விபூதி, "அவனுங்கள விட்டா வேற யாரு?" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தினார்.

ரெயின்கோட்டு சார் தன் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினார். "சொம்மா இரு நைனா." பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். "அல்லாருக்கும் யாரு மேல மொதல்ல சந்தேகம் வந்துச்சோ, அவங்களை கடைசில விசாரிப்போம். சந்தேகமே வராத ஆள்கிட்டேர்ந்து ஆரம்பிப்போம்."

சொல்லிவிட்டு நேராக முதலாளியின் அறைக்குள் போனார். கண்ணாடிக் கதவு வழியே எங்களுக்குக் கேட்டது.

"சார், கேட்டோட வஞ்சிரத்தை நீங்க சாப்ட்டீங்களா?"

"என்னய்யா உளர்ற?"

"இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க சார். இன்னாத்துக்கு டென்சனு?"

முதலாளிக்கு அடுத்தபடியாகச் சந்தேகமே வராத ஆள் யார்? அக்கவுன்டன்ட்தான். சார் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றுமே கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அக்கவுன்டன்ட்டின் விபூதி வியர்வையில் கரைய ஆரம்பித்தது.

"டாக்டர்தான் சார் புரோட்டீன் சாப்பிடச் சொன்னாரு. வீட்ல முட்டைன்னு வாயத் தொறந்தாலே என் சம்சாரம் கங்கா ஜலம் தெளிக்குது சார்."

சார் அதை வெளியே விடவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த பாவத்துக்கு எனக்குத் தெரிந்தது, செக்யூரிட்டிக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து டப்பாவில் ஒரு துண்டு கூடுதலாக வந்தது. அதைக்கூட நல்ல மனசு என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் அந்த வடநாட்டுப் பையன்களிடம் போய், தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் மன்னிப்புக் கேட்டார் பாருங்கள், அங்கேதான் நான் அசந்துபோனேன். தங்கள்மேல் சந்தேகம் வந்த விஷயமே அந்தப் பையன்களுக்குத் தெரியாது. எதற்கு மன்னிப்பு என்று புரியாமல், அவர்கள் பாவம், இவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இன்னொரு நாள் அடையாறு பக்கத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் போன் செய்தார். சார் எடுத்து, "சொல்லுங்க சார், இன்னா மேட்டரு? பொட்டி ரெடியா கீது" என்றார்.

"மேனேஜர்கிட்ட குடுப்பா."

"நான்தான் சார் மேனேஜரு."

"விளையாடாதப்பா. மேனேஜரைக் கூப்பிடு."

சார் ஒரு நிமிஷம் போனைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிப்பவரே தோற்றுப்போகும் குரலில், "வணக்கம், மேலாளர் பேசுகிறேன். தங்களுடைய சரக்குப் பெட்டகம் தயார் நிலையில் உள்ளது" என்றார். எதிர்முனை குழைந்தது. உங்களை மாதிரி படித்தவர்கள் இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று புகழ்ந்தது. போனை வைத்துவிட்டு சார் எங்களைப் பார்த்தார். கோபமே இல்லை. "பாவம், அவரு மண்டைலயும் ஒரு நைனா குந்திகினு கீறான். நல்லா சாப்ட்டு பெருத்துட்டான் போலக் கீது" என்றார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

எங்கள் யார்டின் பெரிய வண்டிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ரீச் ஸ்டாக்கர் என்பார்கள். யானை தும்பிக்கையை நீட்டுவதுபோல் நீட்டி, முழு கன்டெய்னரை மேலிருந்து கவ்வித் தூக்கி அடுக்குகிற வண்டி. அதை ஓட்டுகிறவர் கொஞ்சம் கண் அசந்தால் பக்கத்தில் நிற்பவர் வீடு போய்ச் சேர மாட்டார். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர், முதலாளி மனைவியின் அக்கா மகன். துபாயில் ஓட்டியவன் என்று சொன்னார்கள். இரண்டாவது, எண்ணூர்க்காரர். நரைத்த மீசை, பழம் தின்று கொட்டை போட்டவர். மூன்றாவது, செல்வி.

செல்வி, ரவுடி ஏரியா என்று ஊர் முத்திரை குத்திய புளியந்தோப்புப் பெண். தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள். குடோனை மூடிவிட்டார்கள். பெரிய வண்டிக்குப் பயிற்சி எடுத்து, லைசென்ஸும் வாங்கிக்கொண்டு அந்தச் சாலையில் இருக்கிற யார்டு ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருக்கிறாள். "பொம்பளையான்னு மொதல்ல பாக்கறாங்கக்கா. அப்பால அட்ரஸ் கேக்கறாங்க. புளியந்தோப்புன்னதும் சொல்லி அனுப்பறோம்ன்றாங்க. ஒருத்தனும் வண்டில ஏத்தியே பாக்கல. வூட்ல சம்பாதிக்கறதுக்கு நான் ஒருத்திதான். இந்த ரோட்ல மிச்சம் இருக்கறது உங்க யார்டு மட்டும்தான்" என்று என்னிடம் சொன்னாள்.

முதலாளி சாரைக் கூப்பிட்டார். "யோவ், பொம்பளை. அதுவும் அந்த ஏரியா. எதுக்குய்யா வம்பு? நம்ம பையன் துபாய்ல ஓட்டினவன்."

"டெஸ்ட்டு வெப்போம் சார். ரெயின்கோட்டு போட்டுகினு ஓட்டட்டும். எந்த நம்பரு ஜெயிக்குதோ அதுக்கு வேலை. நீங்களும் பேச்சு மாறக் கூடாது, நானும் மாற மாட்டேன்."

துபாய்மேல் இருந்த நம்பிக்கையில் முதலாளி தலையாட்டிவிட்டார்.

மூவரையும் அறைக்குள் விட்டு, மஞ்சள் ரெயின்கோட் மாட்டி, முகத்தை மூடி, முதுகில் சாக்பீஸால் எண் போட்டது நான். ஒன்று எண்ணூர்க்காரர். இரண்டு துபாய். மூன்று செல்வி. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். செல்வி நெடுநெடு என்று உயரம். துபாய்த் தம்பி குள்ளம், பூஞ்சை உடம்பு. சார் வழக்கம்போல மூவரையும் பார்க்கவே இல்லை, முதலாளியும் அந்தப் பையனைச் சின்ன வயசில் பார்த்ததோடு சரி. யார் எந்த எண் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தால் என் வேலையும் போய்விடும். அதனால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு முதலாளிக்கும் சாருக்கும் பின்னால் நின்றேன். பாதுகாப்புக்காகக் கீழே வேலை செய்கிறவர்களை எல்லாம் டீ குடிக்க அனுப்பியிருந்தார்கள்.

ஒன்றாம் எண் ஏறியது. தனக்கு வயசாகிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று எண்ணூர்க்காரருக்கு வேகம். சரக்கென்று தூக்கி, டமார் என்று வைத்தார். தரை அதிர்ந்தது. முதலாளி பூரித்துப் போனார். "வேகத்தைப் பார்த்தியா? நம்ம பையன்! துபாய்ன்னா சும்மாவா?"

இரண்டாம் எண் ஏறியது. கன்டெய்னர் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போய்க் கோணலாக உட்கார்ந்தது. எடுத்து மறுபடி வைத்தான். அப்போதும் கோணல்தான். குள்ளமான அந்த மஞ்சள் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்த சாரின் முகத்தில் இப்படி ஒரு பரிவை நான் அதுவரை பார்த்ததில்லை. "புச்சு வண்டி. பதட்டத்துல கீது. பயகிட்டா சோக்கா வரும்" என்று முணுமுணுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ சாமி, இவர் அதைச் செல்வி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்!

மூன்றாம் எண் ஏறியது. தூக்குவதற்கு முன்னால் ஹாரன் அடித்தது. நிறுத்தியது. சுற்றிலும் பார்த்தது. தூக்கியது. பாதி இறக்கி, மறுபடி நிறுத்தி, மறுபடி பார்த்து, தட்டில் இட்லி வைப்பதுபோல் சத்தமே இல்லாமல் வைத்தது. முதலாளி கொட்டாவி விட்டார். "எண்ணூர்க்காரருக்கு வயசாயிடுச்சுய்யா." சாரும் தலையாட்டினார். "ஆமா சார். ஸ்லோவு. கெயவனுக்கு கண்ணு தெர்ல போலக் கீது."

முந்தானையைக் கடித்ததில் நூலே வந்துவிட்டது எனக்கு.

சார் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "ரெண்டாம் நம்பரு." முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை, ஒன்றாம் எண்தான் என்று குதித்தார். "பேச்சு மாறக் கூடாதுன்னு சொன்னேன்ல சார்? ரெண்டுதான்" என்று சார் அடித்துப் பேசினார். முகமூடிகளைக் கழற்றச் சொன்னார்கள்.

இரண்டாம் எண்ணின் தொப்பிக்குள்ளிருந்து துபாய்த் தம்பி வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

முதலாளிக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சாரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. "அடேயப்பா! நீயே நம்ம பையனைத்தான்யா செலக்ட் பண்ணியிருக்க! இனிமே நான் பேச்சு மாறவே மாட்டேன்!"

செல்வி ரெயின்கோட்டைக் கழற்றி, ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்தாள். "வர்றேன்க்கா" என்றாள். கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

சார் நின்ற இடத்திலேயே நின்றார். மடித்த அந்த ரெயின்கோட்டின் மேலே இருந்த மூன்று என்ற எண்ணையே பார்த்தார். பிறகு தன் நெற்றியில் ஓங்கி ஓர் அறை. "நைனா! இந்த தபா நல்லவன் வேசம் போட்டுகினு வந்தியாடா!"

அடுத்த விநாடி ஓட ஆரம்பித்தார். தொப்பையும் தொந்தியுமாக அந்த மனிதர் வேகமாக நடந்தே பார்த்ததில்லை நாங்கள். ஒரு செருப்பு எடைமேடையில் கழன்றது, இன்னொன்று கேட்டில். ரோட்டில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே புகுந்து, "யம்மா! மூணாம் நம்பரு! நில்லுமா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். டிரைவர்கள் எல்லாம் திருடனைத் துரத்துகிறார் என்று நினைத்து இறங்கிவிட்டார்கள்.

செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க, எல்லார் முன்னாலும் சொன்னார்.

"தப்பு என்னுது. ரெண்டாம் நம்பரு கோணலா வெச்சான். குள்ளமா கீறதால அது இந்தப் பொண்ணுன்னு நெனச்சி, பரவால்லன்னு உட்டுட்டேன். இந்தப் பொண்ணு ஒயுங்கா வெச்சுது. கெயவன்னு நெனச்சி ஸ்லோன்னு தள்ளிட்டேன். கெட்ட எண்ணத்தோட வந்தா நைனாவை நான் புடிச்சிடுவேன். நல்லது பண்ணப் போறோம்ன்ற நெனப்புல வந்தான், கோட்டை உட்டுட்டேன்."

இத்தனை வருஷம் ஊரான் மண்டையில் இருக்கும் நைனாவையெல்லாம் பிடித்தவர், தன் மண்டையில் இருந்தவனைக் கழுத்தைப் பிடித்து நடு யார்டில் நிறுத்தியதைப் பார்த்தேன். என் கை தானாகக் கும்பிட்டுவிட்டது.

"அதெல்லாம் சரி. நீயும் சரியில்ல, நானும் சரியில்லன்னா வேற யாருய்யா பார்க்கிறது?" என்றார் முதலாளி.

"பொட்டி எறங்கும்போது பக்கத்துல நின்னு லாக்கு போடறாங்களே, அவங்க பாக்கட்டும். போற உயிரு அவங்களுதுதான?"

"கூப்பிட்டுத் தொலை" என்றார் முதலாளி.

டீ குடிக்கப் போனவர்கள் வந்தார்கள். வடநாட்டுப் பையன்கள், வியாசர்பாடி அண்ணன்கள், எல்லாரும். இந்தத் தடவை செக்யூரிட்டி அறைக்குள் புதிதாக எண் போட்டார், எனக்கும் தெரியாது. சார் முதலாளியையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போய், ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்று மஞ்சள் உருவங்களும் ரெயின்கோட்டுக்குள் உட்கார்ந்தபடியே ஓட்டின. ஆள் உயரம் தெரியக் கூடாது என்று வண்டியில் ஏறி இறங்குவதைக்கூட ஒரு தார்ப்பாயால் மறைத்திருந்தோம். முடிந்ததும், ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்காதபடி, ஒவ்வொருவராக ஒரு லாரிக்குப் பின்னால் வந்து என்னிடம் விரலைக் காட்டினார்கள்.

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஒற்றை விரல்.

"ஏன் ஒண்ணு?" என்று ஒரு வடநாட்டுப் பையனைக் கேட்டேன். அவன் தனக்குத் தெரிந்த தமிழில் யோசித்து யோசித்துச் சொன்னான். "மத்தவங்க ரெண்டு பேரு பொட்டி பாக்குது மேடம். ஒண்ணு எங்களைப் பாக்குது."

ஷட்டரைத் தூக்கி, அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒன்றாம் எண்ணின் தொப்பியைக் கழற்றினால், உள்ளே செல்வி. முதலில் போய்க் கை கொடுத்தவர் எண்ணூர்க்காரர்தான்.

"அப்ப துபாய்?" என்று மெதுவாகக் கேட்டார் முதலாளி.

"ஃபோர்க்லிஃப்ட்டு கீது சார். பயகட்டும்."

சாயங்காலம் செல்வி சாரிடம் வந்து நின்றாள். "ரொம்ப தாங்க்ஸ் சார்."

அவர் முகம் கொடுக்கவில்லை. "எனக்கு இன்னாத்துக்குமா தாங்க்ஸு? உன்னைத் தள்ளிவுட்டவன்மா நானு."

"இந்த ரோட்ல அல்லாருந்தான் சார் தள்ளிவுட்டாங்க" என்றாள் செல்வி. "தள்ளிவுட்டுட்டு பின்னாலயே ஓடி வந்து கூப்ட்டது நீங்க ஒருத்தர்தான்."

சார் "போமா, போய் வேலையைப் பாரு" என்று மட்டும் சொன்னார். அவர் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்த யார்டை விட்டு வந்தபிறகு எத்தனையோ பெரிய மனிதர்களிடம் வேலை பார்த்துவிட்டேன். தப்பே செய்யாதவர்கள் நிறையப் பேர், அவர்களே சொன்னார்கள். யாரைப் பார்த்தும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியதில்லை. இதை எழுதி முடிக்கும்போது, வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தேன்.